கடல் அகன்ற கடற்றெரு: கொழும்புப் புறக்கோட்டையின் வரலாறும் பண்பும்

தோற்றுவாய்

கொழும்பு மாநகரிலே ஒரு தெருவுக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. தமிழர் அதனைச் செட்டியார் தெரு என்பர். சிங்களவர் அதே பொருள்பட ஹெட்டி வீதிய என்பர். ஆங்கிலத்தில் அதன் பெயர் சீ ஸ்றீற், அதாவது கடற்றெரு. முதலிரு பெயர்களும் அங்கு வாழ்ந்த மக்களைச் சுட்டுவன. மூன்றாவது, அத்தெரு அமைந்த இடத்தின் இயல்பைச் சுட்டுவது. ஆயின், இன்று அத்தெருவில் நின்று நோக்குவார்க்குக் கடல் புலப்படுவதில்லை. பண்டசாலைகளும் துறைமுகத்து மதிலும் இடைநின்று மறைக்கின்றன. பெயருக்குரிய செட்டிமாரிற் பெரும்பாலோரும் அங்கில்லை. பெயர்கள் எஞ்சியிருக்க, அவை சுட்டிய பொருள்கள் அகன்றுவிட்டன. இவ்வாறு நேர்ந்தமைக்கான காரணங்களை ஆராயப் புகுவோர் அத்தெருவோடு நின்றுவிட முடியாது. அதனை உள்ளடக்கிய புறக்கோட்டை முழுவதையும், அதனோடு ஒட்டிய கொச்சிக்கடை, ஜிந்துப்பிட்டி, புதுக்கடை ஆகிய பகுதிகளையும் நோக்குதல் வேண்டும்.

கொழும்பின் வரலாறு பற்றி எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை கோட்டையையே நடுவாகக் கொண்டவை. தளபதிகளின் முற்றுகைகளும் தேசாதிபதிகளின் மாளிகைகளும் அவற்றில் விரிவாக இடம்பெறும். கோட்டைக்குப் புறத்தே வாழ்ந்த வணிகர், தோணிக்காரர், சுமையாளர், பொற்கொல்லர் ஆகியோர் அவற்றிற் போகிறபோக்கிலே குறிக்கப்படுவர். இதன் விளைவாகப் புறக்கோட்டை பற்றி இரு தவறான கருத்துகள் நிலைபெற்றுள்ளன. அது நெரிசல் மிகுந்த சந்தை, வரலாறு எதுவும் இல்லாதது என்பது ஒன்று. வரலாறு இருப்பினும் அது ஐரோப்பியர் படைத்தளித்த வரலாறே என்பது மற்றொன்று. இவ்விரு கருத்துகளும் பொருந்தா என்பதைக் காட்டுவதும், இப்பகுதியின் தனிப்பண்பு யாது என ஆராய்வதும் இக்கட்டுரையின் நோக்கங்களாகும்.

பெயர் தரும் சான்று

புறக்கோட்டை என்னும் தமிழ்ப் பெயரும் பிட்டகொட்டுவ என்னும் சிங்களப் பெயரும் ஒரே பொருளுடையன: கோட்டைக்குப் புறத்தே உள்ளது. ஆங்கிலேயர் வழங்கிய 'பெற்றா' என்னும் பெயர் பேட்டை என்னும் தமிழ்ச் சொல்லின் திரிபாகும். கோட்டையை அடுத்து வணிகரும் தொழிலாளரும் வாழும் குடியிருப்பைப் பேட்டை என வழங்குதல் தென்னிந்தியாவிற் பெருவழக்கு. அங்கிருந்த ஆங்கிலேயர் அச்சொல்லைத் தமதாக்கிக்கொண்டு, பின்னர் கொழும்புக்கும் கொணர்ந்தனர் எனக் கொள்ளலாம். ஆகவே இவ்விடத்தின் ஆங்கிலப் பெயரே தமிழ்ச் சொல்லிலிருந்து பிறந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

தெருப் பெயர்களும் இவ்வாறே வரலாற்றுச் சான்றுகளாக விளங்குகின்றன. பழைய சோனகத் தெரு, புதுச் சோனகத் தெரு, செக்குத் தெரு, கன்னார் தெரு என்பன சமூகங்களையும் தொழில்களையும் குறிக்கின்றன. கொச்சிக்கடை என்பது கொச்சியிலிருந்து வந்தோரின் தொடர்பை நினைவூட்டுகின்றது என்பர். பாங்சோல் தெரு என்பதிலுள்ள முதற்சொல் கீழைத்தேயத் துறைமுகங்கள் பலவற்றிற் பண்டங்கள் வைக்கும் கட்டடத்தைக் குறித்து வழங்கியது. அதனைப் பண்டகசாலை என்னும் சொல்லோடு தொடர்புறுத்துவாரும் உளர். கேமன்ஸ் கேற் எனப்படும் இடத்தின் பெயர் முதலையைக் குறிக்கும் ஒல்லாந்தச் சொல்லிலிருந்து வந்தது. அக்காலத்தில் நகரைச் சூழ்ந்திருந்த நீர்நிலைகளில் முதலைகள் இருந்தன. புதுக்கடை என நாம் வழங்கும் பகுதியை ஆங்கிலத்தில் ஹல்ஸ்ற்டோர்ப் என்பர். 1656இல் கொழும்பு முற்றுகையின்போது உயிரிழந்த ஒல்லாந்தத் தளபதி ஜெராட் ஹல்ஃப்ற் என்பவரின் பெயர் அது. ஒரே இடத்திற்குப் படைத்தலைவனின் பெயரை ஆட்சியாளர் இட, மக்களோ கடையை வைத்துப் பெயரிட்டனர். இப்பகுதியின் வரலாற்றை இரு கோணங்களில் நோக்கலாம் என்பதற்கு இதுவே போதிய சான்றாகும்.

பிறிதொன்றும் ஈண்டுக் குறிப்பிடத்தக்கது. 1917ஆம் ஆண்டில் அமைக்கப்பெற்ற கொழும்பின் பிரதான புகையிரத நிலையம் கோட்டை நிலையம் என்றே வழங்கப்படுகின்றது. உண்மையில் அது நிற்பது புறக்கோட்டையிலாகும். தன் நிலத்தில் எழுந்த நிலையத்துக்குக்கூடத் தன் பெயர் வாய்க்காத இடம் இது.

ஐரோப்பியருக்கு முந்திய துறை

கொழும்பு இயற்கையாகவே சிறந்த துறைமுகம் அன்று. திருகோணமலையின் ஆழமும் பாதுகாப்பும் அதற்கில்லை. தென்மேற்கிலே கடலுள் நீண்டிருந்த பாறை முனை ஒன்று சிறு குடாவுக்கு ஓரளவு மறைப்புக் கொடுத்தது. வடக்கே களனியாறு கடலோடு கலந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களிற் சிறு கலங்கள் அக்குடாவில் அச்சமின்றித் தங்கலாம். தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் அது இயலாது. எனினும் கறுவா விளையும் நிலம் அதன் பின்னே இருந்தமையால் வணிகர் அதனை நாடி வந்தனர். துறையின் இயற்கை அமைப்பைவிட அதன் பின்னிலத்து விளைபொருளே கொழும்பை உருவாக்கியது எனலாம்.

1344ஆம் ஆண்டளவில் இலங்கைக்கு வந்த மொரோக்கோ நாட்டுப் பயணி இபன் பதூதா, கலன்பு என்னும் இந்நகரை இத்தீவின் அழகும் பெருமையும் மிக்க நகரங்களுள் ஒன்றாகக் குறிப்பிடுகின்றார். கடலின் அதிபதி எனத்தக்க ஜாலஸ்தி என்பவர் ஏறத்தாழ ஐந்நூறு அபிசீனியருடன் அங்கிருந்தார் என்றும் அவர் கூறுகின்றார். போர்த்துக்கேயர் வருவதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட காலத்திலேயே, பல நாட்டார் கூடிய துறையாகக் கொழும்பு விளங்கியமை இதனால் தெளிவாகின்றது. 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வந்த போர்த்துக்கேயர் இங்குக் கண்டது வெறுங்கடற்கரையை அன்று. முஸ்லிம் வணிகரின் கடைகளும் வழிபாட்டிடமும் அமைந்த வாழும் துறையையாகும்.

அரண்களும் வாயிலும்

போர்த்துக்கேயர் 1518இல் இங்குக் கோட்டை அமைத்தனர். சில ஆண்டுகளிலே அதனைக் கைவிட்டு, 1554இல் மீண்டும் அரண் எழுப்பினர். 1565இல் கோட்டே கைவிடப்பட்டதும் கொழும்பே அவர்களது ஆட்சித் தலமாயிற்று. அவர்களது நகர் இன்றைய கோட்டைப் பகுதியோடு புறக்கோட்டையின் பெரும்பகுதியையும் உள்ளடக்கிப் பரந்திருந்தது. ஆகவே, கோட்டை என்றும் புறக்கோட்டை என்றும் இன்று நாம் காணும் பிரிவு அக்காலத்தில் இருக்கவில்லை.

அப்பிரிவை ஏற்படுத்தியவர்கள் ஒல்லாந்தரே. பல மாத முற்றுகையின் பின் 1656ஆம் ஆண்டு மே 12ஆம் திகதி அவர்கள் கொழும்பைக் கைப்பற்றினர். போர்த்துக்கேயரின் பரந்த அரணைக் காப்பதற்குப் படைபலம் போதாது எனக் கருதிய அவர்கள், மேற்குப் பகுதியை மாத்திரம் வலிய கோட்டையாக்கி, கிழக்குப் பகுதியைப் பழைய நகர் எனப் பொருள்படும் பெயரால் வழங்கினர். புறக்கோட்டையில் ஒன்றையொன்று குறுக்கறுத்துச் செல்லும் நேர்த்தெருக்கள் அவர்களது திட்டத்தின் எச்சங்களாகும். 1692 முதல் 1697 வரை தேசாதிபதியாக இருந்த தோமஸ் வான் றீ வாழ்ந்த இல்லம் அத்தெருக்களுள் ஒன்றில் இன்றும் நிற்கின்றது. 1982இல் அது ஒல்லாந்தர் கால அரும்பொருட்காட்சியகமாயிற்று.

இப்பகுதியின் சமூக அமைப்பை விளங்கிக்கொள்வதற்கு ஒல்லாந்தர் காலத்துச் சட்டம் ஒன்று திறவுகோலாகும். சோனகரையும் செட்டிமாரையும் அவர்கள் அந்நியராகவே கருதினர். ஊழியம் என்னும் தமிழ்ப் பெயராலேயே வழங்கிய கட்டாய வேலையை அவர்கள்மீது சுமத்தினர். சோனகரும் தமிழரும் நகருக்குள் வீடும் நிலமும் உடைமையாகக் கொள்வதும் தடைசெய்யப்பட்டது. ஆங்கிலேயர் கொழும்பைக் கைப்பற்றிய 1796ஆம் ஆண்டின் பின்னும் இத்தடை நீடித்தது; 1832இலேயே நீங்கியது. இதனை மனத்திற்கொண்டு நகரின் அமைப்பை நோக்கின் ஒன்று புலப்படும். பழைய நகரின் கிழக்கு எல்லையாக நின்றது முதலை வாயில். செட்டியார் தெரு அவ்வாயிலுக்கு அப்பால் தொடங்கி வடக்கே செல்கின்றது. சோனகத் தெருக்களும் அவ்வாறே வாயிலுக்கு அப்பாலேயே உள்ளன. ஆகவே, இச்சமூகங்கள் அவ்விடங்களைத் தாமே விரும்பித் தெரிந்தன என மாத்திரம் கொள்ளுதல் பொருந்தாது. உள்ளே இடமில்லாதோர் வாயிலுக்கு வெளியே, கடலுக்கு அண்மையில் அமர்ந்தனர் என்றே கொள்ளுதல் வேண்டும். பிற்காலத்தில் நகரின் செல்வம் குவிந்த தெரு, முற்காலத்தில் விலக்கப்பட்டோரின் தெருவாக இருந்தது.

விலக்கிய அதே ஆட்சியிலே தமிழுக்கு ஆக்கமும் நிகழ்ந்தது. ஒல்லாந்தர் கொழும்பிலே நிறுவிய அச்சகம் 1737 முதல் நூல்களை வெளியிட்டது. கொழும்புச் செட்டி மரபிலே 1723இற் பிறந்த பிலிப்பு தெ மெல்லோ, ஒல்லாந்தரின் கொழும்புச் செமினறியிற் கற்று, அவர்களது திருச்சபையிற் குருப்பதவி பெற்ற சுதேசியராவர். அவர் தமிழாக்கிய புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் அச்சாயிற்று. தமிழ் அச்சு வரலாறு பற்றிப் பேசுவோர் தரங்கம்பாடியையும் சென்னையையும் யாழ்ப்பாணத்தையும் நினைவுகூருவர். கொழும்பை நினைப்போர் சிலரே. 1749இற் கட்டத் தொடங்கி 1757இல் வழிபாட்டுக்குத் திறக்கப்பெற்ற வுல்வெண்டால் தேவாலயம், புறக்கோட்டைக்கு மேலாக உயர்ந்த குன்றில் அக்காலத்தின் சாட்சியாக நிற்கின்றது.

துறைமுகமும் வணிகமும்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரையிலும் கொழும்பு திறந்த கடலிலே கப்பல்கள் நிற்கும் துறையாகவே இருந்தது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட, தோணிகளே பண்டங்களைக் கரைசேர்த்தன. ஒல்லாந்தர் வெட்டிய கால்வாய்கள் களனியாற்றையும் நகரிலுள்ள ஏரியையும் இணைத்தன. உள்நாட்டுப் பொருள்கள் பாதைப் படகுகளில் அவ்வழியே வந்தன. தென்மேல் பருவக்காற்றுக் காலத்தில் இவ்வேலைகள் அடிக்கடி தடைப்பட்டன. காலியே பெரிய நீராவிக் கப்பல்களின் தரிப்பிடமாக இருந்தது.

மலைநாட்டுக் கோப்பிச் செய்கையும், 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதலில் ஓடிய புகையிரதமும், 1869இல் திறக்கப்பட்ட சுயஸ் கால்வாயும் இந்நிலையை மாற்றின. 1875ஆம் ஆண்டு திசெம்பரில் வேல்ஸ் இளவரசர் தென்மேற்கு அலைதடுப்புச் சுவருக்கு அடிக்கல் நாட்டினார். 1885இல் அது நிறைவுற்றது. பருவக்காற்றினின்றும் பாதுகாப்புப் பெற்ற கொழும்பு, காலியின் இடத்தை விரைவிற் கைப்பற்றியது. 1869ஐ அடுத்த ஆண்டுகளிலே கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டமையால் கோட்டைக்கும் புறக்கோட்டைக்கும் இடையிலிருந்த தடையும் நீங்கிற்று. 1865இல் உருவான மாநகரசபைக்கு 1873இற் கட்டப்பட்ட நகர மண்டபம் புறக்கோட்டையிலேயே எழுந்தது. 1928இல் கறுவாத் தோட்டப் பகுதியிற் புதிய மண்டபம் திறக்கப்படும் வரை கொழும்பின் ஆட்சிமன்றம் சந்தை நடுவிலேயே இயங்கியது என்பது இன்று பலராலும் மறக்கப்பட்ட செய்தி.

19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் புறக்கோட்டைத் தெருக்களிற் பறங்கியர் குடும்பங்கள் நிறைந்திருந்தன. வணிகம் பெருகப் பெருக வீடுகள் கடைகளாயின. அக்குடும்பங்கள் தெற்கே பம்பலப்பிட்டி முதலிய இடங்களுக்கு நகர்ந்தன. அவர்கள் விட்ட இடத்தை வணிகர் நிரப்பினர். இந்தியக் கரையிலிருந்து சம்மான் என்னும் கலங்களில் வந்த முஸ்லிம் வணிகர் சம்மான்காரர் எனப்பட்டனர். 1908இற் கட்டத் தொடங்கி 1909இல் நிறைவுற்ற, சிவப்பும் வெள்ளையுமான செங்கற் பள்ளிவாசல் இரண்டாம் குறுக்குத் தெருவில் இன்றும் சம்மாங்கோட்டுப் பள்ளி என்றே வழங்கப்படுகின்றது. கடலை மறந்த நகரில் கலத்தின் பெயர் வழிபாட்டிடத்தின் பெயராய் வாழ்கின்றது. மேமன், போறா வணிகரும் சிந்திகளும் பார்சிகளும் தத்தம் இடங்களைப் பெற்றனர். 1923இல் ஒரு பார்சிக் குடும்பத்தினர் எழுப்பிய கான் மணிக்கூட்டுக் கோபுரம் புறக்கோட்டையின் நுழைவாயிலில் நிற்கின்றது.

தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையிலான கப்பல் வழி அக்காலத்தில் இருகரைத் தமிழரையும் இணைத்த நரம்பாக இருந்தது. அவ்வழியில் ஆங்கிலக் கம்பனியின் ஏகபோகத்தை எதிர்த்தே வ. உ. சிதம்பரம்பிள்ளை 1906இல் சுதேசிக் கப்பற் கம்பனியை நிறுவினார். இந்திய விடுதலைப் போராட்டத்தின் புகழ்பெற்ற அத்தியாயம் ஒன்று, கொழும்புத் துறையை மறுகரையாகக் கொண்டு எழுதப்பட்டது என்பதை நாம் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

செட்டிமாரின் தெரு

நாட்டுக்கோட்டைச் செட்டிமார் 19ஆம் நூற்றாண்டின் முற்பகுதியிற் கொழும்புக்கு வரத்தொடங்கினர். அரிசி, துணி வணிகத்திலும் அதனின் மேலாகப் பணக் கொடுக்கல் வாங்கலிலும் அவர்கள் ஈடுபட்டனர். இவர்களைக் கொழும்புச் செட்டிகளோடு ஒன்றாகக் கருதுதல் பிழையாகும். பின்னவர் பல தலைமுறைகளாக இந்நகரிலே நிலைத்து, பெரும்பாலும் கிறித்தவராகிய தனிச் சமூகத்தினர். நாட்டுக்கோட்டையாரோ குடும்பத்தைச் செட்டிநாட்டில் விட்டுவந்தோர்.

அவர்களது வணிக அமைப்பு நுணுகி ஆராயத்தக்கது. ஒவ்வொரு நிறுவனமும் உரிமையாளரின் முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகளாலான விலாசத்தால் அறியப்பட்டது. உரிமையாளர் ஊரிலிருக்க, முகவர் ஏறத்தாழ மூன்றாண்டுத் தவணைக்குக் கொழும்புக்கு வந்து கணக்கை நடத்தி, அடுத்து வருபவரிடம் ஒப்படைத்து ஊர் மீள்வார். பல விலாசத்தார் ஒரே கிட்டங்கியிலே தத்தமக்கென ஒரு பெட்டகமும் கணக்குப் பலகையும் கொண்டு அருகருகே தொழில் நடத்தினர். பகலிற் கடையாக இருந்ததே இரவிற் படுக்கையிடமாயிற்று. செட்டிமார் சென்ற இடங்களிலெல்லாம் கோயிலிற் கூடி நடப்பு வட்டியை நிர்ணயித்தலும், வணிகத்திலே மகமை எனச் சிறு பங்கைக் கோயிலுக்கு ஒதுக்குதலும் வழக்கமாயிருந்தன. ஆகவே செட்டியார் தெருவிலுள்ள பழைய, புதிய கதிரேசன் கோயில்களை வழிபாட்டிடங்களாக மாத்திரம் கருதலாகாது. வணிக ஒழுங்கையும் நம்பிக்கையையும் காத்த நிறுவனங்களாகவும் அவை விளங்கின.

ஆங்கில வங்கிகள் சுதேச வணிகருக்கு நேரடியாகக் கடன் கொடுக்க முன்வரவில்லை. அவை சிறாப்பர் என்னும் பிணையாளரின் பொறுப்பிலே செட்டிமாருக்குக் கொடுக்க, செட்டிமார் அதனைச் சிங்கள, தமிழ், முஸ்லிம் வணிகருக்கும் நிலவுடைமையாளருக்கும் கூடிய வட்டிக்குக் கொடுத்தனர். இலங்கைச் சுதேச வணிகத்தின் பெரும்பகுதி இவ்வழியாலேயே முதல் பெற்றது. 1925இல் ஏற்பட்ட நெருக்கடியில் வங்கிகள் இக்கடனைச் சுருக்கின. அதனைத் தொடர்ந்து 1929இன் உலகப் பொருளாதார மந்தம் வந்தது. கடன்பட்டோரின் நிலங்கள் செட்டிமார் கைக்கு வந்தன. அவற்றோடு வெறுப்பும் வந்தது. 1934இன் வங்கி ஆணைக்குழு சுதேச வங்கியின் தேவையை ஆராய்ந்தது. 1939இல் இலங்கை வங்கி தோன்றிற்று. சுதந்திரத்தின் பின் 1948, 1949ஆம் ஆண்டுகளின் குடியுரிமைச் சட்டங்களும் செலாவணிக் கட்டுப்பாடுகளும் எஞ்சிய செட்டிமாரையும் ஊர்திரும்பச் செய்தன.

வட்டித் தொழிலின் கடுமையை மறைத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று. கடனால் நிலமிழந்தோர் உண்மையாகவே இருந்தனர். ஆயின் கடன் கொடுக்க மறுத்த வங்கிகளை விடுத்து, கொடுத்தவரை மாத்திரம் பழிப்பது அரைகுறை வரலாறாகும். 1930இல் வீரகேசரி நாளிதழைத் தொடக்கியவரும் இச்சமூகத்தைச் சேர்ந்த பெ. ரா. சுப்பிரமணியம் செட்டியாரே என்பதையும் உடன்வைத்து நோக்குதல் வேண்டும். செட்டிமார் சென்றபின் தெருவில் நகை வணிகம் மேலோங்கியது. யாழ்ப்பாணத்தவரும் இந்திய வம்சாவளியினரும் முதலாளிகளாகவும் பொற்கொல்லராகவும் அதனை நடத்தினர்.

அடுத்தடுத்து நின்ற ஆலயங்கள்

புறக்கோட்டையையும் அதன் அயலையும் சுற்றி வருவோர் சிறு தொலைவுக்குள் கோயில், பள்ளிவாசல், தேவாலயம், விகாரை என்பவற்றைக் காண்பர். கொச்சிக்கடையிலே பொன்னம்பல முதலியார் 1850களிற் கட்டுவித்த சிவன் கோயிலை அவர் மைந்தர் பொன்னம்பலம் இராமநாதன் 1907 முதல் கருங்கல்லாற் புதுக்கினார்; 1912இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. தென்னாட்டுச் சிற்பமரபில் அமைந்த பொன்னம்பலவாணேசுவரம் இதுவே. அதற்கு அண்மையிலேயே புனித அந்தோனியார் திருத்தலம் உள்ளது. கத்தோலிக்க வழிபாட்டை ஒல்லாந்தர் தடைசெய்திருந்த காலத்தில் மறைந்து வாழ்ந்த ஒரு குருவிடம், கரையை அரித்த கடலைத் தடுக்குமாறு மீனவர் வேண்ட, அவர் வேண்டுதலாற் கடல் பின்வாங்கியது என்பது அத்தலத்தின் மரபுக் கதை. செவ்வாய்க்கிழமைகளிற் கத்தோலிக்கரோடு இந்துக்களும் பௌத்தரும் முஸ்லிம்களும் அங்கு வந்து மன்றாடுதல் நெடுங்கால வழக்கம்.

ஆடி மாதத்தில் செட்டியார் தெருவிலிருந்து பம்பலப்பிட்டிக்குச் செல்லும் வேல் விழா 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து நிகழ்ந்து வருகின்றது. வெள்ளித்தேர் செல்லும் வழியெங்கும் பிற சமயத்தாரும் கூடுவர். கொழும்பு மக்கள் அனைவர்க்கும் பொதுவான திருவிழாவாக அது நெடுங்காலம் விளங்கியது.

இவ்வொற்றுமையை நாம் மிகைப்படுத்தலாகாது. இங்கு மக்கள் ஒரே வீட்டில் வாழவில்லை. தெருக்கள் தனித்தனியாகவே இருந்தன. கலப்பு நிகழ்ந்தது கடை முகப்பிலும் துறையிலும் ஆலய வாயிலிலுமாகும். ஒருவரையொருவர் முற்றாக அறியாதபோதும், ஒருவரின்றி மற்றவர் பிழைக்க முடியாத உறவு அது. அரிசி இறக்கியவர் முஸ்லிம், அதற்குக் கடன் கொடுத்தவர் செட்டியார், வாங்கி ஊருக்கு அனுப்பியவர் சிங்களக் கடைக்காரர், மூட்டை சுமந்தவர் தமிழரோ மலையாளியோ சிங்களவரோ ஆவார். புறக்கோட்டைச் சுமையாளரை இன்றும் சிங்களவர் நாட்டாமி என்றே அழைப்பர். ஊர்த் தலைவனைக் குறித்த நாட்டாமை என்னும் தமிழ்ச் சொல், துறைமுகத்திலே சுமை தூக்குவோனைக் குறிக்கலாயிற்று. சொல்லின் இவ்விறக்கமும் ஒரு சமூக வரலாறே.

தீயும் பிளவும்

இவ்வுறவு முறிந்த வேளைகளிற் புறக்கோட்டையே முதலில் எரிந்தது. 1915இல் சிங்கள முஸ்லிம் கலவரம் கண்டியிலிருந்து கொழும்புக்குப் பரவியபோது இங்குள்ள முஸ்லிம்களின் கடைகள் தாக்கப்பட்டன. 1920களில் ஏ. ஈ. குணசிங்கவின் தலைமையிலே தொழிலாளர் இனபேதமின்றி ஒன்றுபட்டனர். 1923இன் பொது வேலைநிறுத்தமும் 1927இன் துறைமுக வேலைநிறுத்தமும் அதன் பயன்கள். ஆயின் வேலையின்மை பெருகிய 1930களில் அதே இயக்கம் மலையாளத் தொழிலாளருக்கு எதிராகத் திரும்பியது. துறைமுகம் மக்களை ஒன்றுசேர்க்கவும் செய்யும், கூலிக்காக மோதவும் செய்யும் என்பதற்கு இது சான்று.

1983 யூலையில் நிகழ்ந்தது இவற்றினும் பெரிது. யூலை 25ஆம் திகதி புறக்கோட்டையிலே தமிழரின் கடைகள் தேடித்தேடி எரிக்கப்பட்டன. ஒரு தலைமுறையின் உழைப்பு சில மணித்தியாலங்களிற் சாம்பலாயிற்று. எரிந்தவற்றுட் கணக்கேடுகளும் உறுதிகளும் கடிதங்களும் அடங்கும் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது. இழப்பு உயிருக்கும் உடைமைக்கும் மாத்திரமன்றி நினைவுக்கும் நேர்ந்தது. வேல் விழாவும் அதன்பின் தடைப்பட்டு, பின்னரே மீளத் தொடங்கியது. 1987 ஏப்பிரல் 21ஆம் திகதி புறக்கோட்டைப் பேருந்து நிலையத்தில் வெடித்த குண்டு நூற்றுக்கு மேற்பட்டோரைப் பலிகொண்டது. 2019இல் அதே ஏப்பிரல் 21ஆம் திகதி, உயிர்த்த ஞாயிறன்று, கொச்சிக்கடை அந்தோனியார் திருத்தலத்திற் குண்டு வெடித்தது. எல்லாச் சமயத்தாரும் கூடிய இடமே தாக்குதலுக்கு இலக்கானமை நெஞ்சை உறுத்துவது. தீ வைத்தோரும் குண்டு வைத்தோரும் வெவ்வேறானவர், தாக்கப்பட்டது ஒன்றே. பலர் கூடி வாழும் தன்மைதான் அது.

கடல் அகன்றமை

இனி, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு வருவாம். கடல் தானாக அகலவில்லை. துறைமுக விரிவாக்கத்துக்காகக் கரையோரம் நிரப்பப்பட்டது. செட்டியார் தெருவுக்கும் துறைக்கும் இடையே செல்லும் அப்துல் காதர் வீதியின் முன்னைய பெயர் றெக்கிளமேசன் வீதி, அதாவது கடலிலிருந்து மீட்ட நிலத்தின் வீதி. அப்பழைய பெயரே நிகழ்ந்ததைத் தெளிவாகச் சொல்லியது. பெயர் மாறியமையால் அச்சான்றும் மறைந்தது.

1985 முதல் ஜயா கொள்கல முனையம் இயங்கத் தொடங்கியபின், மூட்டைகளாக வந்தவை இரும்புப் பெட்டிகளில் வரலாயின. பெட்டி துறையிலிருந்து நேரே நகருக்கு வெளியே செல்லும். புறக்கோட்டைப் பண்டசாலையும் கைவண்டியும் நாட்டாமியும் அதற்குத் தேவையில்லை. கடல் கண்ணுக்கு மறைந்தது நிலநிரப்பால். வாழ்க்கையினின்றும் அகன்றது கொள்கலத்தால் எனலாம். மனிங் சந்தையின் மொத்த வணிகத்துக்கெனப் பேலியகொடையில் அமைத்த புதிய சந்தை 2020இன் இறுதியில் திறக்கப்பட்டது. கோட்டைக்கு மேற்கே 2014 முதல் 2019 வரை நிரப்பப்பட்ட 269 ஹெக்ரேயர் நிலத்தில் துறைமுக நகர் உருவாகின்றது. கோட்டையிலிருந்தும் கடல் அகன்றுகொண்டிருக்கின்றது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் மூன்று முடிபுகள் பெறப்படும். புறக்கோட்டை ஐரோப்பியரின் படைப்பன்று. அவர்களுக்கு முன்னிருந்த துறையைச் சட்டத்தாலும் மதிலாலும் அவர்கள் பிரித்தனர். அதன் சமூக அமைப்பு, விலக்கப்பட்டோர் வாயிலுக்கு வெளியே கட்டிய வாழ்க்கையிலிருந்து தோன்றியது. எந்த ஓர் இனமும் தனக்கே உரியதென அதனைக் கோர முடியாது. தமிழரின் பங்கை நீக்கியும் அதன் வரலாற்றை எழுத முடியாது.

இவ்வாய்வு விரிவுபெற வேண்டுமாயின் மூலங்கள் பேணப்படல் வேண்டும். ஒல்லாந்தர் எழுதியவை ஆவணக்காப்பகத்தில் உள்ளன. ஆனால் கோயில்களின் மகமைக் கணக்குகள், விலாசத்தாரின் பேரேடுகள், பள்ளிவாசல்களினதும் தேவாலயங்களினதும் பதிவேடுகள், கடைகளின் பெயர்ப் பலகைகள், முதியோரின் நினைவுகள் ஆகியவற்றுக்கு அத்தகைய காப்பில்லை. ஒரு பழைய கட்டடம் இடிக்கப்படும்போது சுவரோடு சேர்ந்து ஏடும் போகின்றது. தமிழ் பயிலும் மாணவர் சிறு குழுக்களாகப் பிரிந்து, தெருவுக்கு ஒரு குழுவாக இவற்றைப் படியெடுத்துத் தொகுப்பாராயின், அது பெரும்பொருட் செலவின்றியே ஆற்றத்தக்க பணியாகும். கணக்கேட்டின் குறியீடுகளை வாசிக்கத் தெரிந்தோர் இன்னும் சிலரேனும் வாழ்கின்ற காலத்திலேயே அதனைத் தொடங்குதல் வேண்டும்.